தனித்தனியாகக் கூப்பிட வேண்டியவர்கள்

என் மருமகள் ஆடுவதை விரும்பிப் பார்க்கிறவர்களில் ஒருவர்கூட இதுவரை ராஜபாளையத்துக்கு வந்ததில்லை. அவளும் அவர்களுடைய ஊர் எதற்கும் போனதில்லை. போலந்தில் ஒரு வயதான அம்மாள், கனடாவில் லாரி ஓட்டும் ஒருவர், ஜப்பானில் ஒரு நர்ஸ் என்று அவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மட்டும் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பேண்டேஜ் துணி குடோனுக்கு மேலே இருக்கும் மாடி அறைதான் அந்த இடம்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகன் ராணுவத்தில் இருக்கிறான். வருடத்தில் பெரும்பகுதி எல்லைப் பக்கம்தான். மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். சிறுமியாக இருந்தபோதே ரத வீதியில் ஒரு வீட்டு மாடியில் பரதம் கற்றவள். திருமணமாகி வரும்போது கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று முழுக்கச் சலங்கையும் ஆட்ட உடைகளுமாக இருந்தது. அது ஒரு ஆசைக்காக வைத்திருப்பது, இரண்டு பிள்ளைகள் பிறந்தால் பரண்மேல் ஏறிவிடும் என்று நான் நினைத்தேன். நான் அவளைப் பற்றி நினைத்து, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டிவந்த முதல் எண்ணம் அது.

வெளிநாட்டில் ஆட அவளுக்கு ஒருமுறை அழைப்பு வந்தது. சென்னைக்குப் போய் விசாவுக்குக் காத்திருந்தாள். கொடுக்கவில்லை. மறுபடி முயன்றாள். மறுபடியும் இல்லை என்றுவிட்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்கியவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“அங்க விட மாட்டேங்குதாக, அத்தை. சரி, அவியள இங்க வரவச்சிருவோம்.”

“ஏட்டி, வெள்ளைக்காரனெல்லாம் இங்க வந்தா நான் என்னத்தப் பொங்கிப் போட?” என்று கேட்டாள் என் மனைவி.

“நீங்க சாம்பார மட்டும் வச்சுராதிய. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

முதலில் அவள் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கோயில் திருவிழாவில் ஆடியதை முழுதாகப் படம்பிடித்து இணையத்தில் போட்டாள். பார்த்தவர்கள் சிவகாசியில் இருக்கும் அவளுடைய சித்தியும் வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பியும்தான். தம்பிகூடப் பாதியில் நிறுத்திவிட்டதாகப் பின்னால் ஒப்புக்கொண்டான்.

பிறகு ஒரு நாள், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், போனை வாளியில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் அபிநயம் பிடித்தாள். மேக்கப் இல்லை, நகை இல்லை. உடுத்தியிருந்தது நனைந்த முந்தானையோடு ஒரு காட்டன் சேலை. தெருவைப் பார்த்துக் காத்திருக்கும் மூன்று பெண்களைக் காட்டினாள். ஒருத்தி பள்ளியிலிருந்து பிள்ளை வரக் காத்திருக்கிறாள். ஒருத்தி காதலனுக்காக. மூன்றாமவளின் முகத்தில் ஆசையும் இருந்தது, கோபமும் இருந்தது. கழுத்து நீண்டு நீண்டு தெருமுனையை எட்டிப் பார்த்தது. கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சில நாள் கழித்துப் போலந்திலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். முதல் இரண்டும் புரிந்தன, மூன்றாமவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்டிருந்தார்.

“கேஸ் சிலிண்டர்காரருக்கு” என்று பதில் எழுதினாள் மருமகள். அதோடு விடாமல், சிலிண்டர் தீர்ந்துபோனால் இங்கே ஒரு வீடு என்ன பாடு படும், அந்த முகத்துக்குக் கண்ணை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், கழுத்தை எப்படி அசைக்க வேண்டும் என்று நீளமாக ஒன்றைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். அந்த அம்மாள் தன் வீட்டுச் சன்னலில் நின்று அதே கழுத்தசைவைச் செய்து படம்பிடித்துத் திருப்பி அனுப்பினார். அவர்தான் முதல் ரசிகை. அந்த அம்மாள் தன் தங்கைக்குச் சொன்னார். தங்கையின் மருமகன் கனடாவில் லாரி ஓட்டுகிறார். இப்படித்தான் சேர்ந்தார்கள், நம் ஊரில் ஒரு நல்ல தையல்காரியைப் பற்றி வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்வதைப் போல.

வாரத்துக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாகப் போட்டாள். யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னாள். அவர்கள் போதுமான அளவு சேர்ந்ததும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நேரலையாக ஆடத் தொடங்கினாள். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நம் மாலை ஆறரை என்றால் ஜப்பானில் படுக்கப் போகும் நேரம். போலந்தில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். கனடாவில் காலைக் காப்பி. அதைவிட முக்கியம், ஞாயிறு மாலை பக்கத்துத் தறி செட்டில் தறி ஓடாது. மற்ற நாளில் சலங்கைச் சத்தத்தைவிடத் தறிச் சத்தம்தான் உலகத்துக்குக் கேட்கும்.

அந்த மாடி வெறும் சிமென்ட் தரை, நாலு சுவர், கிணற்றுக்குள் பேசுவதைப் போல எதிரொலி. கீழே குடோனில் கட்டுக்கட்டாகக் கிடந்த பேண்டேஜ் துணியில் தள்ளுபடியான சிலவற்றைக் கேட்டு வாங்கி, சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். எதிரொலி அடங்கியது. விளக்கின் முன்னாலும் அதையே ஒரு சுற்று கட்டினாள். முகத்தில் வெளிச்சம் விடியற்காலை போல மெத்தென்று விழுந்தது. பாதத்தின் ஓசை கேட்பதற்காகத் தரையோடு தரையாக ஒரு மைக்கை வைத்தாள். பின்னணியில் தொங்குவது காயத்துக்குக் கட்டும் துணி என்று தெரிந்தபோது ஜப்பான் நர்ஸ் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் யோசனைகள் சொன்னேன். சினிமாப் பாட்டைச் சேர்த்துக்கொள், நீளத்தைக் குறை, வெளிநாட்டுக்காரருக்குப் பொறுமை கிடையாது என்றேன்.

“அவியளுக்குப் பொறும கெடையாதுன்னு நீங்க எப்பிடி மாமா சொல்லுதிய? போன வாரம் அந்தப் போலந்து அம்மா ஒரே அடவ அம்புட்டு நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாகளே.”

ஆட்டத்தில் எதையும் குறைக்கவில்லை. ஆடுவதற்கு முன் எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில், எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் சொல்வாள். இலக்கணப் பிழைகள் இருக்கும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வேன். கேட்பவர்கள் யாரும் பல்லைக் கடித்ததாகத் தெரியவில்லை.

அவளுடைய வழியில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது ஒன்று உண்டு. விசேஷமான கச்சேரி என்றால், அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைப்பாள். வழக்கமான ஞாயிறுக்கு அழைப்பு வேண்டாம். விசேஷம் என்றால் அந்த ஞாயிறு வழக்கமான ஆட்டம் கிடையாது, அழைத்தவர்கள்தான் வருவார்கள். புதிதாக ஒரு வர்ணம் அரங்கேறுகிறது என்றால் முந்தைய வாரம் முழுக்க அதே வேலை. வீடியோ காலில் குங்குமச் சிமிழை நீட்டி, முதலில் உடம்பை விசாரித்து, வீட்டில் உள்ளவர்களை விசாரித்து, போன தடவை சொன்ன முழங்கால் வலி என்ன ஆயிற்று என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் அழைப்பு. “நீங்க கட்டாயம் வரணும். பெரியவரையும் கூட்டிட்டு வரணும்.” எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைப்பது அப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு வீடாக ஏறி, வீட்டில் இருக்கிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒருவரை விட்டாலும் அந்த வீடே வராது.

அந்த மனிதர்களுக்கு இது பழகிப்போயிற்று. குங்குமத்தை நீட்டினால் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டு, கையில் கிடைத்த சிவப்பை வைத்துக்கொண்டார்கள். போலந்து அம்மாள் உதட்டுச் சாயத்தைத் தொட்டு வைத்தார். லாரிக்காரர் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் இருந்தார். சட்டென்று தக்காளிச் சாஸைத் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டார். அது மூக்கில் வழிந்தது. என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் நடன விழா நடத்தும் ஒரு பெண்மணி அவளுடைய ஞாயிறு ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதியிருந்தார். தங்கள் ஊரை விட்டு வர முடியாத கலைஞர்களுக்காக ஒரு வரிசை தொடங்குகிறார்களாம். மாதம் ஒரு நிகழ்ச்சி, ஒரு வருடம், அவளுடைய அறையிலிருந்தே. முடிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆட்டம் நன்றாக இருப்பது தெரியும், வீட்டிலிருந்தபடியே ஒரு சபையைக் கூட்டி உட்காரவைக்க முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்தச் சமயம் குடோன் முதலாளி மாடியையும் சரக்கு வைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். மதுரையில் ஒரு பள்ளியில் நடன ஆசிரியை வேலை தயாராக இருந்தது. மருமகள் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் பட்டென்று சொன்னாள்.

“இது அமைஞ்சா மாடிய முழுசா எடுத்துக்கிட்டு இங்கயே ஆடுதேன். அமையலைனா ஸ்கூலுக்குப் போயிருதேன். ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு என்னால முடியாது, மாமா.”

ஸ்கூல் என்றால் அவள் சொன்னது ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் வேலை. தன் ஆட்டம் அதோடு முடியும் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

விழாப் பெண்மணி வருவதாகச் சொன்ன ஞாயிறுக்கு முந்தைய வாரம் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டியது. அன்றைக்கென்று வைத்திருந்த புது வர்ணத்தின் ஒத்திகையில் தானே ஜதி சொல்லிச் சொல்லிக் குரல் போயே போய்விட்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அவள் போனை என்னிடம் கொடுத்துச் சைகையிலும், தாளில் எழுதியும் சொன்னாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரித்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும். உங்கள் ஆங்கிலத்துக்கு அவர்கள் அசந்துபோவார்கள் என்று கடைசியில் எழுதி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

முதலில் ஒருவரைக் கூப்பிட்டேன். போர்ச்சுகலில் ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் தன் நாயைப் பற்றிப் பேசினார். நாய்க்குக் கண் தெரியாமல் போனது, படியில் தடுமாறியது என்று பேசிக்கொண்டே போனார். எங்கள் ஊர் நாய்களைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறாராம், அதையும் கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் எத்தனை பேர், எத்தனை நாய்கள் என்று தோன்றியது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து ஓர் அறிவிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆங்கிலத்தில் அது ஒன்றும் மோசமில்லை. கலை எல்லைகளைக் கடக்கிறது என்று தொடங்கியது. தங்கள் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் வந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொண்டு முடிந்தது. இரண்டு முறை திருத்தினேன். பிறகு அதையே எல்லோருக்கும் போனில் ஒரே தட்டலில் அனுப்பினேன்.

அலுப்பு மட்டும் காரணமில்லை. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளியே யாரும் படித்ததில்லை. இவள் தப்பும் தவறுமாகப் பேசும் ஆங்கிலத்துக்கு உலகம் முழுக்க மனிதர்கள் காத்திருந்தார்கள். அது எனக்கு உறுத்தியது. நாய்க்குக் கண் தெரிகிறதா என்று கேட்பதெல்லாம் ஒரு வழியா, முறையாக எழுதினால் இதைவிட நன்றாக வருவார்கள் என்று காட்ட நினைத்தேன். அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டே அவளை ஒரு படி கீழே வைக்கப் பார்த்தேன்.

அன்று மாலை அவள் புருவத்தை உயர்த்திக் கேட்டாள். “எல்லாருக்கும் சொல்லியாச்சு” என்றேன். அவள் மறுபடியும் கும்பிட்டாள்.

ஞாயிறு வந்தது. முழு ஒப்பனையில், பட்டு உடையில், மஞ்சள் விளக்குக்கு நடுவே நின்றாள். எதிரே பெரிய திரையில் வழக்கமாகக் கட்டம் கட்டமாக முகங்கள் நிறைந்திருக்கும். அன்று நாலைந்து கட்டம்தான். தபால்காரர் நாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கூப்பிட்ட ஒரே ஆள். விழாப் பெண்மணி கையில் பேனாவோடு இருந்தார். அவள் திரையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. சலங்கையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

நான் எத்தனையோ பெரிய கலைஞர்களை மதுரையிலும் சென்னையிலும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் ஆடியதை எதோடும் சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தலைவி தன் தோழியிடம், நீயே நேரில் போய் அவரைக் கூட்டி வா என்று கெஞ்சும் வர்ணம் அது. ஒவ்வொரு முறை கெஞ்சும்போதும் வேறு ஒருத்தியாக இருந்தாள். ஒருமுறை அதிகாரம், ஒருமுறை வெட்கம், ஒருமுறை சிரித்துக்கொண்டே கையில் இருப்பதைக் கொடுத்து ஆசை காட்டுவது. காலி நாற்காலிகளுக்கு ஆடுகிறோம் என்ற தளர்ச்சி பாதத்தில் ஒரு தட்டில்கூட இல்லை. யாரும் வராத அந்தச் சபைக்கு அவள் குறைத்துப் பரிமாறவில்லை.

ஆட்டம் முடிந்தால் கேள்விகள் வரும். ஒரே கூச்சலாக இருக்கும். அன்று தபால்காரர் மட்டும் கை தட்டினார். விழாப் பெண்மணி மரியாதையாகக் கேட்டார், உங்கள் ரசிகர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன், அவர்கள் இன்று எங்கே என்று.

அவளுக்குக் குரல் பாதிதான் வந்திருந்தது. “எங்கள் வீட்டில் ஒரு தவறு நடந்துவிட்டது” என்று அவளுடைய எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். “அவர்களை நாங்கள் சரியாக அழைக்கவில்லை. இன்னொரு ஞாயிறு கொடுங்கள். வருவார்கள்.” அவர் இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் என்று சொன்னாள். என் மாமனார் என்று சொல்லவில்லை. அதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரை அணைந்ததும் போனைக் கேட்டு வாங்கினாள். நான் எழுதியதைப் படித்தாள். கரகரத்த குரலில் சொன்னாள்.

“இது நோட்டீசு, மாமா. கடத் தெறப்புக்கு அடிச்சுக் குடுக்குத நோட்டீசு.”

என் மனைவிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

“இந்தா பாருங்க, வத்திராயிருப்புல ஒங்க அக்கா மவன் கல்யாணத்துக்குப் பத்திரிகைய கூரியர்ல அனுப்பிட்டான்னு சொல்லிப் போகாம இருந்தது யாரு? என்னையும் போக விடாம, ரெண்டு வருசம் அந்த வீட்டு வாசல மிதிக்காம இருந்தது யாரு? ஒங்களுக்கு மட்டும் நேர்ல வந்து வெத்தல பாக்கு வைக்கணும். அவியளுக்கு நோட்டீசு போதுமாக்கும்?”

அந்த அறிவிப்பை எந்தச் சொந்தக்காரனுக்கும் அனுப்ப எனக்குத் தைரியம் வந்திருக்காது. வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று நானே தீர்மானித்திருந்தேன்.

மருமகள் தரையில் உட்கார்ந்து சலங்கையைக் கழற்றினாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது, முகம் குனிந்திருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

“நான் கூப்பிட மாட்டேன். கூப்பிடாம விட்டவியதான் போயிக் கூப்பிடணும். நம்ம வழக்கம் அதான மாமா? நீங்களும் அத்தையுமா உக்காருங்க.”

அந்த இரண்டு வாரம் நானும் என் மனைவியும் தினமும் போன் முன்னால் உட்கார்ந்தோம். அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் குங்குமமும் பூவும் வைத்துக்கொண்டு வருவாள். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் என்ன, தமிழிலேயே பேசினாள்.

“அம்மா, எங்க வீட்டுக்காரரு புத்திகெட்டுப் போயி ஒரு நோட்டீச அனுப்பிட்டாரு. மனசுல வச்சுக்கிடாம வந்துருங்க. ம், சொல்லுங்க இங்கிலீசுல.”

நான் சொன்னேன்.

“புத்திகெட்டுப் போயின்னு சொன்னியளா?”

“சொன்னேன்.”

“சொல்லல. அந்தம்மா சிரிக்கவே இல்லையே. திருப்பிச் சொல்லுங்க.”

திருப்பிச் சொன்னேன். போலந்து அம்மாள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “அந்தக் கடிதத்தைப் படித்தேன். மிக அழகாக எழுதியிருந்தது. அவள் பெரிய ஆளாகிவிட்டாள், இனி இதையெல்லாம் எழுத ஓர் அலுவலகம் இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் தேவையில்லை என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அன்று முழுக்க வெளியே போகாமலும் இருந்தேன்.”

லாரிக்காரர், விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டதாகச் சொன்னார். எந்தப் பொருளை விற்கிறார்கள் என்று கடைசி வரை தேடிப் பார்த்தாராம். ஜப்பான் நர்ஸ், வராமல் போனதற்குத் தானே மன்னிப்புக் கேட்டார். அவர் தலை குனிய, நான் தலை குனிய, என் மனைவியும் சேர்ந்து குனிய, குங்குமத் தட்டு கவிழ்ந்தது. ஒவ்வொரு அழைப்பும் நீண்டது. பழைய காயங்கள், பேரப் பிள்ளைகள், மழை, பனி, முழங்கால். கேட்கக் கேட்கத்தான் எனக்குப் புரிந்தது. மருமகள் அத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் ஆடினாள். கேமராவைப் பார்த்து அவள் கண்ணை உயர்த்தும்போது, அந்தப் பார்வை யாராவது ஒருவரிடம் போய் நின்றது. ஒவ்வொருவரும் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தது பிரமை இல்லை.

பிரேசிலில் ஒரு பெண்மணி மட்டும் எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாள் முயன்ற பிறகு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. “குடும்பத்தாருடன் வரச் சொல்லியிருந்தீர்கள். யாரை அழைத்து வர?”

மருமகளிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்மணியின் கணவர் நெடுநாளாகப் படுக்கையில் இருந்தவர். கட்டிலுக்கு எதிரே திரையை வைத்து இருவருமாகப் பார்ப்பார்களாம். விசாரித்துப் பார்த்ததில், என் அறிவிப்பு போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் அவர் இறந்திருக்கிறார். ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிப்பதற்காகத்தான் அவள் என்னை உட்காரவைத்தாள். இழவு விழுந்த வீட்டுக்கு, ஆட்டத்துக்கு வந்து சிறப்பிக்கச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன்.

குறித்த ஞாயிறு வந்தது. ஆறேகாலுக்கே திரை நிரம்பிவிட்டது. போலந்து அம்மாள் தன் தங்கையையும் அக்கம்பக்கத்து வீட்டாரையும் கூட்டி வைத்திருந்தார். லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டியிருந்தார். அதே வர்ணம். ஆடி முடித்ததும், அந்த மூன்றாவது கெஞ்சலில் ஏன் சிரித்தாள், கையில் கொடுத்தது மோதிரமா வளையலா, தோழிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேள்விகள் விடாமல் வந்தன. மருமகள் பதில் சொல்லும் முன் லாரிக்காரரும் தபால்காரரும் தங்களுக்குள்ளேயே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். விழாப் பெண்மணி பேனாவை வைத்துவிட்டு, கன்னத்தில் கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் அவரிடமிருந்து சம்மதம் வந்தது. விளம்பரத்தைத் தங்கள் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நீங்கள் அனுப்புங்கள், எங்கள் ஆட்களை நாங்கள் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று மருமகள் பதில் எழுதினாள். அன்றைக்கே மாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தாள். மதுரைப் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்து, முதல் மாத நிகழ்ச்சிக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். அந்த வேலையை மறுபடி என்னிடம் தருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“பிரேசில்ல அந்தம்மாவ?” என்று கேட்டேன்.

“அவியள கூப்பிடக் கூடாது மாமா. இன்னும் துக்கமே கேக்கலையே நீங்க. மொதல்ல அத போயிக் கேளுங்க. ஆட்டத்தப் பத்திப் பேச்சே எடுக்காதிய.”

என் மனைவி அன்று பட்டுக் கட்டவில்லை. தட்டு எடுக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே விடிந்திருக்கும் என்று பார்த்துக் கூப்பிட்டோம். நெடுநேரம் அடித்து, நிற்கப் போகும்போது அவர் எடுத்தார். திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்தார். நான் யார் என்று தெரிந்திருக்கும்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை முன்பே தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்தாள். துக்க வீட்டில் போனதும் பேசக் கூடாது, உட்கார வேண்டும்.

உட்கார்ந்திருந்தோம். அவரும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து அவர் அழத் தொடங்கினார். என் மனைவி இங்கே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை. வைக்கும் முன் அவர் கையை மட்டும் உயர்த்தினார்.

அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை.